குடும்பப் படத்தில் பிள்ளைகளுக்கு என்ன இடம்?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இப்போதெல்லாம் படமே வருவதில்லை, அந்தக் காலத்தில் எதுவானாலும் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று பெற்றோர் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். இந்த அலுப்பில் பாதிதான் நியாயம். தமிழில் குடும்பப் படம் பெரும்பாலும் பெரியவர்களுக்காகவே எடுக்கப்பட்டது. வீட்டில் தனியாக விட முடியாததால் பிள்ளைகளும் கூடப் போனார்கள். 1960-ல் வந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசனுக்குக் கதை கொடுத்த வேலை, பிரிந்துபோன ஜெமினி கணேசனையும் சாவித்திரியையும் சேர்த்துவைப்பது. 1965-ல் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம். அக்காளும் தங்கையும் வீடு மாறிப் போவது பிள்ளைகள் ரசிக்கிற குறும்புதான். ஆனால் கதையை நடத்துவது மாமியாரின் அதிகாரமும், அதனால் முறிந்த தாம்பத்தியமும். அது எட்டு வயதுப் பிள்ளையின் கவலையா? 1990-ல் ‘அஞ்சலி’ பிள்ளைப் பட்டாளத்தின் ஆட்டம்பாட்டத்தோடு நடந்து, ஒரு குழந்தையின் சாவில் முடிந்தது. திரையில் குழந்தை வருவதும் படம் குழந்தைக்கு ஆவதும் ஒன்றல்ல.

புராணப் படங்கள் இருந்தனவே, தேவர் பிலிம்ஸ் யானையையும் ஆட்டையும் வைத்து எடுக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘திருவிளையாடல்’ (1965), ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) போன்றவற்றைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள்; அலமேலுவின் ஆடு செய்த சாகசத்துக்கு முன் கதாநாயகன் எம்மாத்திரம்! என்றாலும் இந்தப் படங்களை வைத்து அந்தக் காலம் முழுவதையும் அளப்பது சரியாகாது.

சென்சார் காவலாக இருந்தது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 1983 வரை பொதுப்படங்களுக்கு யு, ஏ என்று இரண்டே எழுத்துதான். 1951-ல் ‘மர்மயோகி’க்கு ஏ கிடைத்தது பேய்க் காட்சிக்காக, தமிழில் முதல் ஏ அதுதான் என்பார்கள். பேயைக் கண்டு மிரண்ட அதே முறை, சவுக்கடியையும் வில்லனின் பலாத்கார முயற்சியையும் எத்தனையோ யு படங்களில் விட்டுவிட்டது. பெற்றோர் வழிகாட்டலைக் கோரும் யு/ஏ 1983-ல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் கேளிக்கை வரிவிலக்குக்குத் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் வேண்டும் என்று அரசு நிபந்தனை வைத்ததும், அந்த எழுத்து வசூல் கணக்கில் ஏறிவிட்டது. யு/ஏ என்றால் வரி கட்ட வேண்டியிருந்தது. ஆகவே சில காட்சிகளை வெட்டியாவது யு வாங்கப் பார்த்தார்கள் தயாரிப்பாளர்கள். கதையின் குணம் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் மாறியது. எழுத்தை நம்பிப் போன பெற்றோர் இடைவேளைக்குள் நெளிந்ததில் என்ன வியப்பு?

2023-ல் திருத்திய சட்டம் யு/ஏ-வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறது. இது முன்னேற்றம்தான்; ஆனால் இதுவும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனையே தவிர, வாசலில் பிள்ளையைத் தடுக்கும் விதி இல்லை. பத்து வயதுக்காரனை 16-க்கான படத்துக்குக் கூட்டிப் போகலாமா என்பதை அப்பாவும் அம்மாவும்தான் டிக்கெட் வாங்கும் முன் பேசி முடிவுசெய்தாக வேண்டும்.