ஜார்ஜ் யார்டு அச்சுக்கூடம்

லண்டனில் லம்பார்டு தெருவை ஒட்டி ஜார்ஜ் யார்டு என்றொரு முடுக்கு. அங்கே இரண்டாம் எண் கட்டடத்தில் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்பவர் அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் நடத்திவந்தார். 1787 மே 22 அன்று பன்னிரண்டு பேர் அந்தக் கடையில் கூடி, அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கு ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர் என்பதால் நாடாளுமன்றத்தில் உட்காரவே முடியாதவர்கள். வேறு இடமா கிடைக்காது? தீர்மானம் போட்ட கையோடு நோட்டீஸ் அடிக்க வசதியான இடமாகப் பார்த்துத்தான் கூடினார்கள் என்று எனக்குத் தோன்றும். சிவகாசியில் ட்ரெடில் மிதித்துத் தொழில் பழகி, ஆப்செட் வரை வந்தவன் நான். எனக்கு அப்படித்தான் தோன்றும்.

கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். போனில் ஊரெல்லாம் சுற்றி ஓய்ந்த படத்தையே பிளெக்ஸில் போட்டுத் தரச் சொல்வார்கள். "ஷேர் பண்ணுனா நியாயம் கெடைச்சிருமா?" என்று என் வயதுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். படத்தைப் பார்த்து இளரத்தம் சூடாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சூட்டை வைத்து என்ன சமைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஜார்ஜ் யார்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் தாமஸ் கிளார்க்சனுக்கு வயது 27. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா என்பது தலைப்பு. பரிசுக்காக எழுதினார், பரிசும் வாங்கினார். குதிரையில் லண்டன் போகும் வழியில், வேட்ஸ்மில் என்ற ஊர்ப் பக்கம் வரும்போது, எழுதியதெல்லாம் நிஜமென்றால் இதை யாராவது நிறுத்தியாக வேண்டுமே என்று இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளை விசாரித்தார். லிவர்பூலில் ஒரு கடையில் பகிரங்கமாக விற்றுக்கொண்டிருந்த கைவிலங்கையும், கட்டைவிரலை நசுக்கும் திருகாணியையும், சாப்பிட மறுக்கிற அடிமையின் வாயைப் பிளக்கும் கருவியையும் காசு கொடுத்து வாங்கிவந்தார்.

ஆனால் ஊரைக் குலுக்கியது ஒரு படம். 'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் அடித்தளத்தில் அடிமைகளை எப்படி அடுக்குவார்கள் என்ற வரைபடம். 1788 கடைசியில் பிளிமத் ஊர்க் குழு அதை முதலில் வெளியிட்டது. மறு வருஷம் லண்டன் குழு அதைப் பெரிதாக்கி, பிலிப்ஸின் அச்சுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் அடித்தது. மரக்கட்டையில் செதுக்கிய பிளாக் என்றால் ஈய எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் முடுக்கி, ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். செப்புத் தகட்டுக்குத் தனியாக உருளை பிரஸ் வேண்டும். வேலை நயமாக வரும், செலவும் கூடும். அவர்கள் இரண்டு விதமாகவும் போட்டார்கள்.

அந்தப் படத்தின் பிரதியை உருப்பெருக்கி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆணுக்கு ஆறடி நீளம், பதினாறு அங்குல அகலம் என்று இடம் கணக்கிட்டு, கறுப்புக் கறுப்பாக 482 உருவங்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் 609 பேரை ஏற்றியதாகச் சாட்சியம் இருந்தது. அதாவது படம் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே காட்டியது. எதிரி மறுக்க முடியாதபடி போஸ்டர் போடுவது ஒரு சாமர்த்தியம். ஒரு குறையும் எனக்குப் படுகிறது. கம்போசிட்டர் பார்டர் பூக்களைக் கோத்தது மாதிரி உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு முகம்கூடத் தனியாகத் தெரியவில்லை. முகமும் பேரும் உள்ள ஓர் ஆளை லண்டன் வாசகர்கள் பார்க்க, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ அதே 1789-ல் தன் வரலாற்றைத் தானே எழுதி, ஊர் ஊராகச் சுமந்து விற்க வேண்டியிருந்தது.

படம் பரவியது, சுவர்களில் ஏறியது, பார்த்தவர்கள் பதறினார்கள். 1791 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் தீர்மானம் 88-க்கு 163 என்று தோற்றது. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதைதான். அந்த வருஷமே வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை நிறுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். வாரம் ஐந்து பவுண்டு சர்க்கரை செலவழிக்கிற குடும்பம் 21 மாதம் நிறுத்தினால் ஓர் அடிமையின் உயிர் தப்பும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கணக்கு சரியோ தப்போ, நாலு மாதத்தில் 70,000 பிரதி போயிற்று. மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். ஷ்ரூஸ்பரி பக்கத்தில் கேத்தரின் பிளைம்லி என்ற பெண்மணி எழுதிய நாட்குறிப்பில், அவருடைய சின்ன மருமகன் வருகிறான். சர்க்கரையை விட்டதோடு நிற்கவில்லை அவன். ஷூ பாலீஷிலும் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செருப்புக்குக் கறுப்புப் போடவே விடமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறான். கேலியும் வந்தது. கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர், அரசரும் அரசியும் சர்க்கரையில்லாத தேநீரை இளவரசிகளிடம் நீட்டுகிற மாதிரி வரைந்தார். அந்தக் காலத்து மீம்.

வாக்குரிமை இல்லாத பெண்ணுக்கும் பையனுக்கும் தினம் மூன்று வேளை செய்ய ஒரு வேலை கிடைத்தது என்பதுதான் இதில் விஷயம். அதனால்தான் பிளெக்ஸ் கேட்டு வருகிற பிள்ளைகளிடம், படத்துக்குக் கீழே பார்க்கிறவர் செய்ய ஒரு காரியம் போடுங்கள் என்பேன். "ஹேஷ்டேக் இருக்கே அண்ணாச்சி" என்பார்கள்.

1792-ல் 519 மனுக்கள், ஏறக்குறைய நாலு லட்சம் கையெழுத்து. 'படிப்படியாக' ஒழிக்கலாம் என்று மக்களவை மழுப்பியது, பிரபுக்கள் அவை இழுத்தடித்தது. 1793-ல் பிரான்சோடு போர் மூண்டதும் சீர்திருத்தம் பேசியவர்களெல்லாம் தேசத்துரோகி ஆனார்கள். கிளார்க்சன் உடைந்துபோய் 1794-ல் ஒதுங்கிக்கொண்டார். திரும்பி வந்து இன்னொரு சுற்று உழைத்த பிறகுதான் 1807-ல் அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறை போக 1834 ஆகஸ்ட் 1 வரை ஆயிற்று. அதற்குள் 1831 கிறிஸ்துமஸில் ஜமைக்கா அடிமைகள் தாங்களே கிளர்ந்தெழுந்திருந்தார்கள். நஷ்ட ஈடு இரண்டு கோடி பவுண்டு, அதுவும் எஜமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் 2015-ல்தான் அடைத்தார்கள். 2018-ல் பிரிட்டிஷ் நிதித்துறை இதைப் பெருமையாக ட்வீட் போட்டு, திட்டு வாங்கி அழித்தது.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று இதில் உண்டு. அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்களை அங்கே விற்றார்கள். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டவர்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தப் படத்திலும் வரவில்லை. அடிமைமுறையை ஒழித்த 1833-ன் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களை விலக்கியே வைத்தது. இங்கே சட்டம் வர 1843 ஆயிற்று. அடிமைகள் விடுதலையான தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வேண்டுமே? ஒப்பந்தக் கப்பல்கள் கிளம்பின. முதலில் மொரீஷியஸ், பிறகு மற்றத் தீவுகள். 1860-ல் சென்னையில் ஏறியவர்கள் 'ட்ரூரோ' கப்பலில் நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள். அதே கரும்பு வேலைதான். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை வைத்துப் பாரதி பாடினார். பத்திரிகைகள் எழுதின, ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 1917-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் ஏற்றுவது நின்றது. பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களை 1920 ஜனவரி 1 அன்று ரத்து செய்தார்கள்.