பழைய வரைபடத்தில் எழுந்த புதிய மாளிகை

1727ஆம் ஆண்டில் மன்னர் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூர் நகரை ஒன்பது சதுரங்களாக வகுத்தார். மலை குறுக்கிட்டமையால் ஒரு சதுரம் இடம்பெயர்ந்தது. 1980களில் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொறயா, அந்நகரின் ஜவாஹர் கலா கேந்திரத்துக்கு அவ்வரைபடத்தையே அடிப்படையாகக் கொண்டார். ஒரு சதுரத்தை விலக்கி, அவ்விடைவெளியை வாயிலாக்கினார். நூதனசாலையும் அரங்குகளும் அங்கு அமைந்தன. பழமையைப் பிரதிசெய்யாது, அதன் பொருளுணர்ந்து புதிதாக்கும் இப்போக்கினை அறிஞர் சிலர் பின்நவீனத்துவம் என்பர்.

கல்முனைக் கரையினருக்கு இதிலொரு பாடமுண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகளோடு, தலைமுறைகள் பேணிய பொருள்களையும் வாரிச் சென்றது. எஞ்சியவற்றைக் காக்க இங்கொரு நூதனசாலை எழுமாயின், அதன் வடிவத்தை அயலாரிடம் இரவல் பெறவேண்டியதில்லை. மருதமுனையில் தறி ஓடும் கூடமும், கடற்காற்று உலவும் வீட்டு முற்றமும் அதற்குரிய வரைபடமாகலாம். அவற்றை அளந்து குறித்துவைத்தலே முதற்பணி.