ஊர்காவற்றுறையும் கால்யரியும்

கால்யரி, மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியாத் தீவின் தலைநகரம்; ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழும் ஊர். ஊர்காவற்றுறையோ யாழ்ப்பாணத் தீவகத்தின் பழைய துறை. அளவில் ஒப்பில்லாத இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது: கப்பல் வரவு குன்றிய பின் துறைமுக ஊர் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது?

பழமையில் இரண்டும் குறைந்தவை அல்ல. கால்யரி பினீசிய வணிகர் காலத்துத் துறை. ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறையின் பழம்பெயர்) வரும் பரதேசிகளுக்கு, அதாவது வெளிநாட்டாருக்கு, பாதுகாப்புத் தர வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் கல்வெட்டு வைத்தான். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, மற்ற வணிகக் கப்பல் உடைந்தால் அரைப்பங்கு என்று சொல்லும் அக்கல்லை இன்றும் நயினாதீவில் காணலாம்.

இரு துறைகளையும் ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கால்யரியில் பீசா நகரத்தார், 1326 முதல் அரகோனியர், 1720 முதல் சவோய் அரசர். இங்கே போர்த்துக்கேயர், 1658 முதல் ஒல்லாந்தர், 1795 முதல் ஆங்கிலேயர். ஒல்லாந்தர் ஊர்காவற்றுறை அமைந்த தீவுக்கு லெய்டன் என்று தம் ஊர்ப்பெயரையே சூட்டினர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டையைத் தமதாக்கிக்கொண்டனர்.

பொருளாதாரத்தில்தான் வழி பிரிகிறது. கால்யரியின் செல்வம் அதன் உப்பளங்களில் விளைந்தது. ஊர்காவற்றுறையின் பெருஞ்சரக்கு யானை. அது பிடிபட்டது வன்னிக் காட்டில்; வாங்கியவர் இந்திய வணிகர்; ஏற்றிய இடம் மட்டுமே நமது துறை. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நேர் ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கு கடல்வழியை விட்டுத் தரைவழிக்கு மாறியது. விடுதலைக்குப் பின் இந்திய, இலங்கைக் கரைகளுக்கு இடையே குடிவரவு, சுங்கக் கட்டுப்பாடுகள் இறுகின. பாய்க்கப்பல்களோடு துறையின் வருமானமும் போயிற்று.

உப்பும் நிலைக்கவில்லை. கால்யரியின் மொலென்தார்ஜியுஸ் உப்பளம் 1985இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் கால்யரி வேறு வேர்களை விட்டிருந்தது. 1620இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இருந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948 பெப்ரவரியில் சார்டினியாவுக்குத் தன்னாட்சிச் சட்டம் கிடைத்தது. வட்டாரப் பேரவையும் செயலகங்களும் அந்நகரில் அமைந்தன. அருகிலுள்ள சாரோக்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கைவிடப்பட்ட உப்பளமும் 1999இல் பூநாரைகளின் பூங்காவாகப் புது வாழ்வு பெற்றது.

போரும் இரண்டையும் வெறுமையாக்கியது. 1943இன் குண்டுவீச்சில் கால்யரி மக்கள் உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினர். 1990இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது நம்மவர் வள்ளங்களிலும் கால்நடையாகவும் வெளியேறினர். கால்யரிக்காரரைத் திரும்ப அழைக்க வேலையும் அலுவலகமும் படிப்பும் இருந்தன. நம்மவரில் பலருக்குப் பாரிசும் ரொறன்ரோவுமே ஊராகிவிட்டன. அவர்கள் அனுப்பும் பணத்தில் கோயில்கள் பொலிகின்றன. ஆனால் பூட்டிய வீடுகள் பூட்டியே கிடக்கின்றன.

தலைநகரத் தகுதியை ஊர்காவற்றுறை கேட்க முடியாது. ஆனால் கால்யரி காட்டும் பாடத்தைக் கேட்கலாம்: பிறர் சரக்கு கடந்துபோகும் இடமாக மட்டும் இருக்கும் ஊர், பாதை மாறும்போது விழுந்துவிடும். தீவகத்தின் நண்டும் கடலட்டையும் இங்கேயே பதனிடப்பட வேண்டும். கடல்தொழில் கற்பிக்கும் கூடம் இங்கேயே எழ வேண்டும். படிக்கவும் உழைக்கவும் யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலம் கடந்தே ஆக வேண்டும் என்ற நிலை மாறினால், தீவகத்துப் பிள்ளைகள் தீவகத்திலேயே இருப்பார்கள்.