எஸ்எஸ்டி ஃபெர்ம்வேர் புதுப்பிப்பில் சிக்கலா?

கணினியின் எஸ்எஸ்டிக்குள் அதை இயக்கும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஃபெர்ம்வேர். சாம்சுங் 980 புரோ வகையில் அதிலிருந்த கோளாறால் சில எஸ்எஸ்டிகள் எதையும் புதிதாகப் பதிய முடியாத நிலைக்குப் போனது 2023 தொடக்கத்தில் பரவலாகப் பேசப்பட்டது. புதுப்பிப்பு அதைத் தடுக்கும். ஏற்கெனவே பூட்டிக்கொண்டதை மீட்காது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் தற்காலிகமாக நிறுத்துங்கள். அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள்; கணினி திடீரென அதைக் கேட்டு நின்றுவிடலாம். இடியோடு மழை பெய்யும் மாலையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் எஸ்எஸ்டியே பயனற்றுப் போகக்கூடும்.

தயாரிப்பாளரின் செயலி எஸ்எஸ்டியைக் காட்டவில்லையா? அது யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றிக் கணினிக்குள் நேரடியாகப் பொருத்துங்கள்.

புதுப்பித்த பிறகும் பழைய பதிப்பு எண்ணே தெரிகிறதா? பதற வேண்டாம். 'ரீஸ்டார்ட்' சில வேளைகளில் போதாது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுங்கள். மேசைக் கணினி என்றால் சுவர் சுவிட்சையும் அடைத்து, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து மீண்டும் எண்ணைப் பாருங்கள்.