பர்மாப் பிரிவினையும் தஞ்சை நெல்லும்: ஒரு வரலாற்றுச் சிந்தனை

ஒரத்தநாட்டு மக்களுக்குக் கல்லணைக் கால்வாய் இன்றும் 'புது ஆறு'தான். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்டதையொட்டி, வானம் பார்த்துக் கிடந்த இவ்வட்டாரத்து மேட்டு நிலங்களுக்கு அக்கால்வாய் வழியே காவிரி நீர் வந்தது. நீர் வந்த காலத்தில் நெல்லுக்கு விலை இல்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ஒரு காரணம். கப்பல் கப்பலாக வந்திறங்கிய மலிவான பர்மா அரிசி மற்றொரு காரணம். வெளிநாட்டு அரிசிக்கு வரி விதிக்கலாம். பர்மாவோ அன்று இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே அதன் அரிசிக்குச் சுங்க வரி விதிக்க வழியில்லை. அதே வேளையில், இத்தஞ்சை மாவட்டத்தினின்றும் இராமநாதபுரத்தினின்றும் சென்ற பல்லாயிரவர் அந்தப் பர்மாவிலேதான் பிழைத்துவந்தனர். ஒரே மாவட்டத்தில் ஒரு வீட்டாருக்குப் பர்மா போட்டியாகவும், அடுத்த வீட்டாருக்குப் பிழைப்பாகவும் இருந்தது. இந்தியாவோடிருந்த அரசியல் இணைப்பினின்று அந்நாடு பிரிந்த வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பது, திருப்பணியாளர்க்கும் இறையியல் மாணவர்க்கும் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

1. இணைப்பும் அதன் சுமையும்

மூன்று போர்களுக்குப்பின், 1886இல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவுடன் சேர்க்கப்பட்டது. இவ்விணைப்பைக் குறித்து அந்நாட்டு மக்களை எவரும் கேட்கவில்லை. ஐராவதி வடிநிலம் உலகுக்கு அரிசி அளிக்கும் வயலாயிற்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் தொகை பத்து இலட்சத்துக்கு மேல். இரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. நெல்விலை சரிந்தபோது பர்மிய உழவர் கடனைத் திருப்ப இயலாது நிலத்தை இழந்தனர். முன்பு கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சிறு பங்கே செட்டியார்கள் கையில் இருந்தது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் வசமாயிற்று. கடன் கொடுத்தவர்கள் நிலத்தையன்று, பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. ஆயினும் நிலமிழந்த உழவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதல் தரவில்லை. 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகக் கலகம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது.

2. விடையளிக்க இயலாத வினா

1930இல் சைமன் குழு பர்மாவைப் பிரிக்குமாறு பரிந்துரைத்தது. பிரிவினை பர்மியர் பலரின் விருப்பமாயிருக்க, அதை ஆளுவோரே முன்மொழிந்ததால் ஐயம் பிறந்தது. இந்தியாவுக்குக் கிடைக்கவிருக்கும் அரசியல் உரிமைகளைப் பர்மாவுக்கு மறுக்கவே இச்சூழ்ச்சி என்று பலர் எண்ணினர். இலண்டனில் பர்மா வட்டமேசை மாநாடு நடந்தபின், பிரதமர் மக்டொனால்டு வினாவைத் திட்டவட்டமாக வைத்தார்: தனியே பிரிந்து தனி அரசியலமைப்பைப் பெறுக, அல்லது இந்தியக் கூட்டாட்சியில் சேர்க, சேர்ந்தால் விருப்பம்போல் விலகும் உரிமை இல்லை.

1932 நவம்பரில் நடைபெற்ற தேர்தலில் பிரிவினை எதிர்ப்பாளர் 42 இடங்களையும் பிரிவினையாளர் 29 இடங்களையும் பெற்றனர். டாக்டர் பா மா, ஊ சிட் லாயிங் ஆகியோர் எதிர்ப்பாளரின் தலைவர்கள். ஆனால் வென்றவர்கள் இந்தியாவோடு என்றென்றும் இணைந்திருக்க விரும்பினார்களோ எனின், இல்லை. வேண்டும்போது விலகும் உரிமையுடன் சிலகாலம் சேர்ந்திருப்பதே அவர்கள் கோரியது. அது தரப்படவில்லை. டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் முன்வைக்கப்பட்ட பிரிவினையையும் மறுத்தது. நிபந்தனையற்ற கூட்டாட்சியையும் மறுத்தது. 1933இல் கூடிய சிறப்புக் கூட்டத்தொடர் பேசிப் பேசியே வாக்கெடுப்பின்றி முடிந்தது. இறுதியில் முடிவை இலண்டன் எடுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா தனியாட்சிப் பகுதியாயிற்று. பிரிவினையை எதிர்த்து வென்ற பா மாவே அதன் முதல் பிரதமரானார்.

மக்களின் சலிப்புக்கு இங்கேதான் வேர் காண்கிறோம். வாக்களித்தவன், தன் சொல் கேட்கப்படவில்லை என்றான். தோற்றவனோ, வேண்டியது கிடைத்தும் அது தன் கையால் வரவில்லை என்றான். இரு திறத்தார்க்கும் நிறைவில்லை. 2016இல் வாக்கெடுப்பு நடத்தி 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகிய பிரிட்டன், இடைப்பட்ட ஆண்டுகளில் அனுபவித்த கசப்பும் இதற்கு வெகு தொலைவிலுள்ளது அன்று. 'பிரிவதா, சேர்வதா' என்னும் ஒற்றை வினாவுக்குள் கடன், நிலம், வேலை, மானம் ஆகிய பல வினாக்கள் அடக்கப்படும்போது, எந்த விடையும் மக்களுக்கு விடையாவதில்லை.

3. எல்லைக்கோட்டின் விலை

பிரிந்தபின்னும் தடையற்ற வாணிகம் சில ஆண்டுகள் தொடர ஏற்பாடு செய்யப்பட்டமையால், தஞ்சை உழவன் எதிர்நோக்கிய வரி வரவில்லை. பர்மிய உழவனின் கடனும் தீரவில்லை. 1938இல் முஸ்லிம்களுக்கும் இந்தியருக்கும் எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து ஓடிவந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். பர்மா அரிசி நின்றுபோயிற்று. நேற்று விலையைக் கெடுத்த அரிசி, இன்று இல்லாமையால் உயிரைக் கெடுத்தது. 1943இல் வங்காளத்தில் நேர்ந்த கொடும் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், எஞ்சியிருந்த இந்தியரில் இலட்சக்கணக்கானோர் வெறுங்கையராய்த் திரும்பினர். தமிழ்நாட்டு ஊர்களிலுள்ள 'பர்மா காலனி'கள் அவ்வரலாற்றின் சுவடுகள்.

4. திருச்சபை கற்க வேண்டியது

1937இல் அரசுகள் பிரிந்தபோதும், ஆங்கிலிக்க மரபினர் 'இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை' என ஒரே சபையாகவே நின்றனர். பர்மாவின் சபை தனி மாகாணமானது 1970இல்தான். அதற்கு முன்பே, 1947இல், தென்னிந்தியாவின் ஆங்கிலிக்கப் பேராயங்கள் அதனின்று விலகித் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அவ்விலகல் அன்று உலக ஆங்கிலிக்கரிடையே பெரும் வாதத்தை எழுப்பியது. ஆகவே நம்முள் பலர் விலகிச் சென்றோரின் பிள்ளைகளே என்பதை மறத்தலாகாது. ஒன்றாயிருத்தல் எல்லாம் அன்பன்று. பிரிதல் எல்லாம் பகையுமன்று.

எனினும் அச்சபையின் ஒருமையை நாம் மிகைப்படுத்தவும் கூடாது. ஒரே பேரவையின் கீழிருந்த சபை, நிலமிழந்த பர்மியனையும் கூலிக்குச் சென்ற தமிழனையும் ஒரே பந்தியில் அமர்த்தி அவர்தம் வழக்கைக் கேட்டதா? அமைப்பின் ஒருமை நிலைத்தது. அவ்வொருமை தெருவிலிருந்த பகையைத் தணிக்கவில்லை.

முதலாம் இராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருகிறது. சீகேமில் கூடிய மக்கள் முதலில் கேட்டது பிரிவினையன்று. தங்கள் நுகம் இலகுவாக்கப்பட வேண்டுமென்பதே. ரெகொபெயாம் அதைக் கேளாமையால் அது பிரிவினையாயிற்று. பிரிந்தபின் யூதா போருக்கு எழுந்தபோது, செமாயா தீர்க்கன் அவர்களைத் தடுத்து வீட்டுக்கு அனுப்பினான். யெரொபெயாமோ தன் மக்களின் சுமையை மறந்து, எல்லையைக் காக்கப் பொற்கன்றுகளை நிறுத்தினான். பிரிய மறுத்தவனும் பிரிந்தவனும் நுகத்தை மறந்தனர்.

ஒன்றியங்கள் அமைவதும் குலைவதும் இனியும் நிகழும். அப்போது கொடிகளின் பின்னே ஓடுவதற்கு முன், 'இம்மக்களின் நுகம் எது?' என்று கேட்பதே மேய்ப்பரின் முதற்கடமை. எல்லை எங்கே வரையப்பட்டாலும், அதன் இருபுறமும் வயலில் நிற்பவன் நம் அயலானே.