கழிவுத் தேயிலையும் காரீயமும்

மலையக வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஏற்றுமதிக் கணக்கையும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். லயத்து மக்கள் பருகிய நீரைப் பற்றி எழுதியோர் சிலரே. ஊற்றிலிருந்து தேயிலைச் சரிவுகளினூடே இறங்கிவரும் அப்பீலித் தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அத்தொழிலோடு உலோகங்களும் மலையேறின. ஏற்றுமதித் தேயிலை ஈரம் படாதிருக்கப் பெட்டிகளின் உட்புறத்தில் காரீயத் தகடு பதித்தனர். அலுமினியத் தகடு வந்தது பிற்காலத்திலேயே. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது செப்புச் சேர்வைகளைத் தெளிப்பது வழக்கமாயிற்று. செம்பு மக்கி மறையும் பொருளன்று. மண்ணிலே தங்கும், மழை அரிக்கும் மண்ணோடு ஓடைக்கும் செல்லக்கூடும்.

நீரைத் தெளிவிப்பது நமக்குப் புதிய கலையன்று. தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீரைத் தெளிவித்த வழக்கத்தைக் கலித்தொகையே அறியும். ஆயின் அது கண்ணுக்குத் தெரியும் சேற்றைப் படியச் செய்யும் முறை. கரைந்திருக்கும் உலோகத்தை நீக்கப் புறத்துறிஞ்சல் வேண்டும். அதாவது, நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளின் மேற்பரப்பில் உலோக அயன்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும். கரி இவ்வாறு பயன்படுவதை உலகம் நெடுங்காலமாக அறியும். தேயிலையின் செலுலோசும் இலிக்னினும் தனின்களும் அதே பணியைச் செய்கின்றன என்பதே வியப்பு.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமரசிங்க, வில்லியம்ஸ் என்பாருடன் இணைந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் தேயிலைக் கழிவு 65 மில்லிகிராம் வரை காரீயத்தையும் 48 மில்லிகிராம் வரை செம்பையும் பற்றியது. தகடாய்த் தேயிலையைக் காத்த காரீயத்தைத் தேயிலையே நீரிலிருந்து பிடித்துவைக்கிறது! 2025இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர், ஒரு கோப்பை நீரில் சில நிமிடம் ஊறும் சாதாரணத் தேயிலையும் காரீயத்தில் ஏறத்தாழ 15 வீதத்தை அகற்றும் எனக் கண்டனர்.

இவ்வறிவு ஏன் இத்துணைத் தாமதமாக வந்தது? 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே உள்ளது. அதனைக் குறைகூறல் எம் நோக்கமன்று. அது தன் கடமையைச் செய்தது. செடியின் நோய்க்கு நிலையம் எழுந்த அக்காலத்தில், செடியைப் பேணியோர் அருந்தும் நீருக்கென ஒன்று எழவில்லை என்பதே கருதத்தக்கது. தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையை அரசு கவனியாமலும் இல்லை. அது நற்றேயிலையோடு கலந்து சந்தையைக் கெடுக்காதபடி அதன் வாணிகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. கழிவின் விலை கணிக்கப்பட்டது, பயன் கணிக்கப்படவில்லை.

இம்முறையை மிகைப்படுத்தலும் தகாது. உலோகத்தைப் பற்றும் கழிவு நோய்க்கிருமிகளைக் கொல்லாது. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். காரீயம் ஏறிய தூளும் நஞ்சே. அதனை லயத்தின் பின்புறக் கானில் கொட்டினால் அடுத்த மழையில் கீழ்ப்பிரிவுப் பீலிக்குச் சென்று சேரும்.