பாத்ர், அபாத்ர்: மும்பைக் குடிசைப் பதிவேடுகளின் அரை நூற்றாண்டு

மும்பையில் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களுக்கான குடும்பப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மராத்தியில் ஒரு முடிவு எழுதப்படுகிறது: 'பாத்ர்' அல்லது 'அபாத்ர்'. தகுதியுடையவர், தகுதியற்றவர் என்பது பொருள். 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்னும் தமிழ்ப் பழமொழியில் உள்ளதும் இதே சொல்தான். பாத்திரத்தை எந்தத் தாளைக் கொண்டு அறிவது என்ற கேள்வியே இந்நகரக் குடிசைவாழ் மக்களின் வரலாறாக நீள்கிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 சனவரி 4 அன்று, மகாராட்டிர அரசு பம்பாயின் குடிசைகளை ஒரே நாளில் கணக்கெடுத்தது. பதிவானவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை கிடைத்தது. மக்கள் வழக்கில் அது 'போட்டோபாஸ்'. அட்டை பெற்றோர் மாதந்தோறும் கட்டணம் செலுத்தினர். வருவாய்க்காக அரசு கொடுத்த ரசீதே பின்னர் மக்களின் இருப்புக்குச் சான்றாயிற்று. ஆயினும் அட்டை அரணாகிவிடவில்லை. அதே ஆண்டு மே மாதம், செம்பூரை அடுத்த ஜனதா காலனி அணுசக்தித் துறையின் தேவைக்காக இடிக்கப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையில் போராடிய அம்மக்கள் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர்.

1985 சூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆனால் 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்ற நடைபாதைவாசிகளுக்கே மாற்றிடம் தரச் சொன்னது. அதையும் வெளியேற்றத்துக்கு முன்நிபந்தனையாக்கவில்லை. உரிமை அனைவருக்கும் பொது. பயன் பதிவேட்டில் உள்ளோர்க்கு மட்டும்.

அதே ஆண்டு ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. தலைகளின் எண்ணிக்கை கூடினால் செலவுக் கணக்கும் மாறும். எனவே எண்ணுவதே பூசலாயிற்று. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பும் ஸ்பார்க் அமைப்பும் குடியிருப்போரைக் கொண்டே தாராவியை எண்ணின. அரசின் மதிப்பீட்டைக் காட்டிலும் மிகுதியான குடும்பங்கள் அங்கிருந்தன.

செலவுக்கு எல்லை கட்டும் கருவி, 'கட்-ஆஃப்' என்னும் கெடுநாள். 1976 என்பது 1980, 1985, 1995, 2000 எனத் தேர்தல்களை ஒட்டி நகர்ந்தது. 1995 கெடுநாளுக்கு முதன்மைச் சான்று வாக்காளர் பட்டியல். வாக்குக்காகத் தொகுத்த ஏடு வீட்டுக்கான ஏடாயிற்று.

இங்கே தமிழருக்கு ஒரு தனி இடர் உண்டு. மராத்தி அலுவலகப் படிவம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர் என மூன்று கூறுகளைக் கேட்கிறது. தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. மராத்தி எழுத்து வழக்கில் ழகரமும் இல்லை. ஆகவே ஒரே மனிதர் ரேஷன் கார்டில் ஒருவராகவும் மின்கட்டண ரசீதில் வேறொருவராகவும் தோன்றலாம். ஆவணங்களை ஒப்பிடும் அதிகாரிக்கு எழுத்துப் பிழையும் ஆள்மாறாட்டமும் ஒன்றுபோலத் தெரியக்கூடும்.

2024 மார்ச்சில் தாராவியில் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. பின்வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் விலைக்கு. ஒரு தேதியின் இருபுறத்தில் ஒரே தெரு பிரிகிறது. மூன்று தலைமுறையாக மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழ்வதை அண்டை அயலார் அறிவர். பதிவேடு அறிவது தாளை மட்டுமே. பதிவேடுகள் ஏழைகளை எண்ணியதோடு நிற்கவில்லை. யார் மும்பைக்காரர் என்பதையும் அவையே தீர்மானித்தன.